எட்டாம் எண் ஜெர்ஸியின் ஈரம்

பையைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் ஜெர்ஸிகள் சமையலறைத் தரையில் பொத்தென்று விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் சேறு இரண்டு நாளில் காய்ந்து, தொட்டால் பொரிந்து உதிர்ந்தது. நோரீன் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்து, கைப்பகுதிக்குள் கைவிட்டு இழுத்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டாள். அது அவளுடைய கை வழக்கம். வெளிப்புறம் தெரியப் போட்டால் இயந்திரத்தின் சுழற்சியில் முதுகிலிருக்கும் எண் செதில் செதிலாக உரிந்துவிடும். துவைப்பதும் அப்படித்தான், கொடியில் போடுவதும் அப்படித்தான், மடித்து அடுக்குவதும் அப்படித்தான். தன் ஊரான கில்டராவின் பெண்கள் கால்பந்து அணிக்குப் பதினோரு வருஷமாக அவள்தான் துவைத்துக் கொடுக்கிறாள். ஆட்டத்துக்கு முன்னால் பெண்கள் அதை நேராக்கிப் போட்டுக்கொள்ளும்போது, "நோரீன் மடிச்ச சட்டைக்கு உள்ளே எது வெளியே எதுன்னு சாமிக்கே தெரியாது" என்று சிரிப்பார்கள்.

பையின் அடியில் எட்டாம் எண் கிடந்தது. அதை எடுத்ததும் அவள் கை நின்றது. ஈரம். மற்றதெல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருக்க, இது மட்டும் இப்போதுதான் ஒருத்தி கழற்றிப் போட்டதுபோல் நனைந்திருந்தது. அக்குளில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது. கழுத்துப் பட்டியில் இரண்டு வெள்ளைப் பூவிதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

எட்டு அவள் மகள் நெஸ்ஸாவின் எண். நெஸ்ஸா ஆடி ஆறு மாதம் ஆகிறது. ஸ்லைகோ நகரத்து அணிக்காக ஆடும்போது ஒருமுறை, குணமாகித் திரும்பி வந்த மூன்றாம் ஆட்டத்தில் மறுமுறை என்று அவளுடைய வலது முட்டிக்குள் இருக்கும் நார் இரண்டு தடவை அறுந்துவிட்டது. பதினெட்டு வயது. வட இங்கிலாந்தின் ஒரு பெரிய கிளப் அவளைப் பார்க்க இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தது. இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த ஆள் பூங்கொத்து அனுப்பினான், அத்தோடு சரி. டாக்டர், "நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், ஊர் அணியோட சும்மா ஆடிப் பாக்கலாம்" என்று அடுக்கிக்கொண்டே போனார். அடுக்கியதில் அவள் கேட்டது இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஸ்ஸா காரின் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கில்டரா அணியின் பயிற்சியாளர் மாலக்கிதான், அவள் திரும்பி வரும்வரை எட்டாம் எண்ணை வேறு யாரும் தொடக்கூடாது, பையின் அடியில் மடித்தபடியே கிடக்கட்டும் என்று சொல்லியிருந்தான்.

நோரீன் இதழ்களை நகத்தால் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். முள்மரத்துப் பூ. மே மாதத்தில் வேலியெல்லாம் வெள்ளையாக மூடுகிற பூ. வெளியே நவம்பர் மழை பெய்துகொண்டிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் டோமினிக், பால் லாரி ஓட்டுகிறவன். அவனிடம் சொன்னால், "பை கூரை ஓட்டைக்குக் கீழ இருந்திருக்கும்" என்பான். நல்ல மனிதன், எதையும் கூரை ஓட்டையோடு முடித்துவிடுவான். ஆனால் நோரீனுக்கு இந்த ஈரம் புதிதல்ல. ஒரே ஒருமுறை இதைத் தொட்டிருக்கிறாள். அதை நினைக்கக் கூடாது என்று முப்பத்தைந்து வருஷமாக மனதுக்குள் வைத்திருந்த கதவைச் சாத்தியே வைத்தாள்.

அடுத்த செவ்வாயும் ஈரம். அதற்கடுத்த செவ்வாயும். இதற்குள் நெஸ்ஸா மாடிப்படியை இரண்டிரண்டாக ஏற ஆரம்பித்திருந்தாள். டிசம்பர் நடுவில் ஒருநாள் மைதான ஓரம் நின்றவள், மாலக்கி விசில் ஊதுவதற்குள் உள்ளே ஓடிப் பந்தை வாங்கி, மூன்று பேரைத் தாண்டி வலைக்குள் போட்டாள். மாலக்கி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அடியே, டாக்டர் உனக்கு முட்டியப் போட்டாரா, மோட்டாரப் போட்டாரா?"

"ரெண்டும்தான் மாலக்கி. பில் உங்களுக்கு வரும்."

"நோரீன், உன் பொண்ணு வாயிலயும் ஒரு மோட்டார் இருக்கு பாத்துக்கோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நோரீனும் சிரித்தாள். சிரிக்கும்போதே கவனித்தாள்: மகள் பந்தைக் கொடுத்துவிட்டு யாரும் இல்லாத பக்கமாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள் என்று நிச்சயமாகத் தெரிந்தவள் பார்க்கிற பார்வை.

கிறிஸ்துமஸ் தாண்டியதும் இங்கிலாந்து ஆள் மறுபடியும் வந்தான். ஜனவரியில் அவளை அழைத்துப் போய் முட்டியைப் படமெடுத்துப் பார்த்தார்கள். முட்டிக்குள் நார் முழுசாக இருக்கிறதாம், அறுத்துத் தைத்த தழும்பே உள்ளே காணோமாம். அங்கிருந்த டாக்டர் படத்தில் பெயர் மாறிவிட்டதோ என்று இரண்டாம் முறை எடுத்தாராம். இதை நெஸ்ஸா சிரித்துக்கொண்டே சொன்னாள். டோமினிக் மேசையைத் தட்டி, "எங்கம்மா வழி எலும்பு!" என்றான். பிப்ரவரி முதல் சனிக்கிழமை மதியம் நாக் விமான நிலையத்திலிருந்து கிளம்ப வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

அந்த வாரம்தான் நோரீன் மகளுக்குப் பின்னால் போனாள். விடிகிற நேரம். நெஸ்ஸா, "ஓடிட்டு வரேன்" என்று கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும், டோமினிக்கின் கோட்டை மாட்டிக்கொண்டு வேலியோரமாக நடந்தாள். நெஸ்ஸா சாலைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு வயல் தாண்டி, கோட்டை வயலின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

கோட்டை என்றால் மதிலும் கோபுரமும் இல்லை. வட்டமாக ஒரு மண்மேடு, அதன்மேல் வளையமாக முள்மரங்கள், நடுவில் புல். அவ்வளவுதான். எந்தக் காலத்து மேடோ தெரியாது. அதை யாரும் உழுவதில்லை, அந்த மரத்தில் யாரும் கிளை ஒடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இருப்பவர்களுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவதும் இல்லை. "அவங்க" என்பார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த வயலைக் குறுக்கே கடக்கும்போது சில சமயம் கதவு காணாமல் போகும். நான்கு பக்கமும் வேலி மட்டும் தெரியும். அப்போது பதறக் கூடாது, போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி உட்புறம் வெளியே தெரியத் திருப்பி மாட்டிக்கொண்டால் கதவு இருந்த இடத்திலேயே இருக்கும். இது அங்கே குழந்தைக்கும் தெரியும். திருப்பிப் போட்டவரை அவர்களால் பிடித்து வைக்க முடியாது. டோமினிக்கூட ஒருமுறை அப்படி வந்திருக்கிறான். கோட்டின் அடித்துணி வெளியே தெரிய வாசலில் வந்து நின்றவன், அதற்கு இன்றுவரை கூரை ஓட்டையைக்கூடக் காரணம் சொன்னதில்லை.

நோரீன் மேட்டின் பின்னால் குனிந்து பார்த்தாள். புல் முழுக்க உறைபனி. நடுவில் எட்டாம் எண்ணைப் போட்டுக்கொண்டு நெஸ்ஸா தனியாக நின்றாள். பந்தை வலது பக்கம் தட்டிவிட்டாள். யாருமில்லாத இடத்தில் பந்து நின்றது, பிறகு வேறு திசையில் வேகமாகப் போனது. இடுப்பளவு உயரத்தில் எதிலோ பட்டுத் திரும்பியது. உறைபனியில் காலடிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒன்று, அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கும் முன்னால் இன்னொன்று என்று வெள்ளைப் புல் தானாக அமுங்கிப் பச்சையாகிக்கொண்டே போனது. இருபது ஜோடிக் கால்களுக்கு மேல் இருக்கும். அந்தக் குளிரில் புகையாக மூச்சு வந்தது ஒரே ஒருத்தியின் வாயிலிருந்துதான்.

நெஸ்ஸா சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நோரீன் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. கையைத் தூக்கி, மூச்சிரைக்கக் கத்தினாள்:

"கான்செப்டா! இங்க! எனக்குத் திருப்பிக் குடு!"

பல்லிடுக்கில் ஊதுகிற இரண்டு சுர விசில் ஒன்று பதிலுக்கு வந்தது. முதல் சுரம் நீளம், இரண்டாவது குட்டை.

அந்த விசில் யாருடையது என்று நோரீனுக்குத் தெரியும். சாத்தி வைத்திருந்த கதவு தானாகத் திறந்துகொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் இந்த ஊரில் முதன்முதலாகப் பெண்கள் அணி சேர்ந்தபோது நோரீனுக்குப் பதினெட்டு. கடுகு நிற ஜெர்ஸி, மூன்றாம் எண், தடுப்பாட்டம். அவளைத் தாண்டிப் போகப் பையன்களே யோசிப்பார்கள். இடது ஓரத்தில் பதினோராம் எண் கான்செப்டா. உடைமாற்றும் கொட்டகைக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்துவிட்டு, அதே வாயால் அந்த விசிலை ஊதிப் பந்து கேட்பாள். அந்த வருஷம் கான்செப்டாவுக்குக் கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடவில்லை என்றார்கள். திடீரென்று கூடிவிட்டது. பாஸ்டனில் இருக்கும் சித்தி விமானச் சீட்டு அனுப்பினாள், அங்கே ஒரு கல்லூரி அணி அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கிளம்ப வேண்டிய நாளன்று காலையில் கான்செப்டா படுக்கையைவிட்டு எழவில்லை. இதயம் என்றார் டாக்டர். சவப்பெட்டியில் வைக்க ஜெர்ஸியைத் துவைத்துத் தரச் சொல்லி அவள் அம்மா நோரீனிடம்தான் கொடுத்தாள். பதினோராம் எண் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கழுத்துப் பட்டியில் வெள்ளை இதழ்கள். செப்டம்பர் மாதம். அதோடு அணி கலைந்தது. நோரீன் அப்புறம் பந்தைக் காலால் தொட்டதில்லை.

மகளுக்குக் கான்செப்டா என்ற பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

நெஸ்ஸா வீடு திரும்பியபோது நோரீன் மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். மகள் அம்மாவின் காலணியில் ஒட்டியிருந்த பனிப்புல்லைப் பார்த்தாள்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"திட்டாதே."

"திட்டல. ரொட்டிய எடுத்துக்கோ. எப்பயிருந்து?"

நெஸ்ஸா ரொட்டியைக் கிழித்தாள், வெண்ணெய் தடவவில்லை. "அக்டோபர்ல. அழுறதுக்கு ஒரு இடம் வேணும்னு அங்க போனேன். அப்பா காதுல விழக் கூடாதுல்ல. ஒரு பந்து வந்து என் கால்ல நின்னுச்சும்மா. சும்மா திருப்பித் தட்டினேன். வலியே இல்ல." கண்கள் பளபளத்தன. "அவங்களால தனியா ஆட முடியாதும்மா. ரத்தம் ஓடற ஒருத்தர் கூட இருந்தாத்தான் பந்து நகரும். ஒருத்தர் போதும். இல்லன்னா எல்லாரும் சும்மா நின்னுட்டே இருப்பாங்க. எத்தன வருஷம் நின்னாங்களோ."

"பதிலுக்கு என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. நடுவுல ஒருநாள் ஜுரம்னு போகல. அன்னிக்கே முட்டி வீங்கிடுச்சு. மறுநாள் போனேன், இறங்கிடுச்சு."

"சனிக்கிழம கிளம்புறேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அன்னிக்குக் காலையில கடைசியா ஒரு ஆட்டம்னாங்க. அவங்கள மாதிரியே மேற்குப் பக்கத்துக்காரங்க ஆட வராங்களாம். அது ஆடிட்டா காலு எனக்கே எனக்காம்."

நோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "கான்செப்டாகிட்டயும் அதத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: கணுக்கால், பாஸ்டன் சீட்டு, ஈரம், இதழ்கள். மகள் அசையாமல் கேட்டாள். முடிந்ததும் கிழித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள்.

"போகலன்னா முட்டி போயிடும்" என்றாள். "முட்டி போனா நான் யாரும்மா? கடையில சாமான் அடுக்குற நெஸ்ஸா. 'முன்னாடி நல்லா ஆடுவாளாமே'ன்னு சொல்லுவாங்களே, அந்த நெஸ்ஸா."

"உசுரோட இருக்கற நெஸ்ஸா."

"நீ உசுரோடதான் இருக்கே. முப்பத்தஞ்சு வருஷமா பந்தத் தொட்டியா? நம்ம ஊர் ஆட்டத்துக்கெல்லாம் துணி துவைக்க மட்டும்தானே போறே?"

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். நோரீனுக்குக் கோபம் வரவில்லை. எங்கே குத்தியதோ அந்த இடத்தைத்தான் உள்ளுக்குள் தடவிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் எட்டாம் எண்ணை இஸ்திரி போட்டாள். உட்புறம் வெளியே இருக்க, கழுத்துப் பட்டியையும் உள்ளே மடக்கி, வெளிப்பக்கம்போலவே தெரியும்படி மடித்துக் கதவோரம் வைத்தாள். விடியும் முன் இருட்டில் அவசரமாக மாட்டிக்கொண்டால் தெரியாது. வயலுக்குள் கால் வைத்ததும் ஆட்டம் அவளைவிட்டுக் கழன்றுவிடும். மகள் உயிரோடு இருப்பாள். முட்டி போய்விடும். அந்தச் சின்ன மடிப்பை அழுத்த அவளுக்கு இஸ்திரிப் பெட்டியின் கனம் முழுதும் தேவைப்பட்டது.

நெஸ்ஸா வந்தாள், ஜெர்ஸியை எடுத்தாள், தையலைத் தடவிப் பார்த்தாள். அதை நேராக்கி, எண் தெரிய மடித்து, அதே இடத்தில் வைத்தாள்.

"நம்பர் உரிஞ்சாலும் பரவால்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் நோரீன் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். கடுகு நிறம் மங்கியிருந்தது. மூன்றாம் எண்ணின் ஓரம் மட்டும் லேசாக எழும்பியிருந்தது. டோமினிக் எட்டிப் பார்த்து, "இது உனக்கு இப்ப ஒரு கைக்கே பத்தாதே" என்றான்.

"உங்க தொப்பையில ஒரு விரலளவுக்குக்கூடப் பத்தாது. போய்த் தூங்குங்க."

சனிக்கிழமை அவள் மகளுக்கு முன்னால் எழுந்தாள். கடுகு ஜெர்ஸி வயிற்றில் இறுகியது, தோளில் பிடித்தது. எண் வெளியே தெரிய நேராகத்தான் போட்டாள். காலில் மாட்டுக் கொட்டகைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ். கோட்டை வயலின் கதவைத் திறந்து வளையத்துக்குள் போய் நின்றாள். பனிமூட்டத்தில் முள்மரங்கள் எல்லாம் பூத்திருந்தன. வாசனைகூட வந்தது. யாரும் தெரியவில்லை. ஆனால் பலர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அமைதி.

"எங்க வீட்டுலருந்து ஒருத்தர் வந்தா போதும்தானே?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே மாட்டைக் கூப்பிடுகிற குரல்போல இருந்தது. "பொண்ண விட்டுடுங்க. காலு அவகிட்டயே இருக்கட்டும். நான் வரேன். தினம் வரேன்."

பிறகு சிகரெட் வாடை அடித்தது. காதருகே, மிக அருகே, நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. பந்து உருண்டு வந்து ரப்பர் பூட்ஸில் முட்டி நின்றது.

அவள் அதைத் தட்டினாள்.

என்ன நடந்தது என்று பின்னால் அவளால் கோவையாகச் சொல்ல முடிந்ததில்லை. தோளில் தோள் இடித்தது. இடித்தது யாரென்று தெரியவில்லை, ஆனால் எலும்பு இருந்தது, கனம் இருந்தது, சூடு மட்டும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதுக் கால்கள் ஓடின. இடுப்பு வலிக்கவில்லை. ஒருத்தி அவளைத் தாண்டப் பார்த்தாள், தாண்ட முடியவில்லை. நோரீன் வாய்விட்டுக் கத்தினாள். அது சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. அதை அவள் பிறகு யோசித்துப் பார்த்துப் பயந்தாள்.

கதவுச் சத்தம் கேட்டது. நெஸ்ஸா எட்டாம் எண்ணோடு நின்றாள், வாய் திறந்தபடி.

"அம்மா! என்னம்மா பண்றே?"

"சட்டையத் திருப்பிப் போடு!"

"அம்மா—"

"ஒருத்தர் போதும்னு நீதானேடி சொன்னே! திருப்பிப் போடு. உள்ள வராத. உங்கப்பா கார எடுத்திருப்பார், போ!"

நெஸ்ஸா வளையத்தின் விளிம்பில் நின்று அழுதாள். அந்த உறைபனியில் ஜெர்ஸியைக் கழற்றினாள். குளிரில் தோள்கள் சிலிர்க்க, கைப்பகுதிக்குள் கைவிட்டு இழுத்து, அம்மா செய்கிற அதே மாதிரி உட்புறம் வெளியே கொண்டுவந்து மாட்டிக்கொண்டாள். தலை வெளியே வந்தபோது அவள் பார்வை மாறியிருந்தது. அங்குமிங்கும் தேடியது. இப்போது அவளுக்குத் தெரிந்தது மாட்டுச் சாணம் கிடக்கும் ஒரு வயலும், மொட்டை மரங்களும், பனியில் மூச்சுப் புகைய நிற்கும் இறுக்கமான கடுகுச் சட்டைக்காரி ஒருத்தியும்தான் என்று நோரீனுக்குப் புரிந்தது. நெஸ்ஸா முட்டியை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். நொண்டாமல் ஓடினாள். விமான நிலையத்துக்கு டோமினிக்தான் கொண்டுபோய் விட்டான்.

நோரீன் அன்று எட்டரை மணிக்கு வீடு திரும்பிக் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடித்தாள். படுத்துத் தூங்கப் பயந்து அன்றிரவு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். விடிந்தது. அவள் இருந்தாள். எழுந்து கோட்டை வயலுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் போனாள். டோமினிக்கிடம் நடைப்பயிற்சி என்றாள். இளைத்தாள். மாலக்கி கடைவாசலில் அவளைப் பார்த்துவிட்டு, "நோரீன், யாரையாவது காதலிக்கிறியா?" என்று கேட்டான். "உன்னையில்ல, அதனால நீ நிம்மதியா சாமான் வாங்கு" என்றாள் அவள். கொடியில் இப்போது உட்புறம் வெளியே தெரியத் தொங்கும் கில்டரா ஜெர்ஸிகளுக்கு நடுவே ஒரே ஒரு கடுகு ஜெர்ஸி மட்டும் எண் தெரிய நேராகத் தொங்கும். மூன்று கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டிருந்தது. வெயில் நாளிலும் அது காய்வதில்லை. போக வேண்டியிருக்கிறது என்று போகிறாளா, போகப் பிடித்துப் போகிறாளா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மார்ச்சில் காய்ச்சலில் இரண்டு நாள் எழ முடியவில்லை. இரண்டாம் நாள் நெஸ்ஸா தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, முட்டி வீங்கியிருக்கு. சும்மா உக்காந்திருந்தேன், வீங்கிடுச்சு. ... அம்மா, நீ நல்லாயிருக்கியா?"

நோரீன் அந்தக் காய்ச்சலோடேயே கோட்டைப் போர்த்திக்கொண்டு போனாள். நடுங்கிக்கொண்டே போனவள் நடுங்காமல் திரும்பினாள். சாயங்காலம் வீக்கம் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு உறை வந்தது. நெஸ்ஸா முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்தே ஆடப்போகிற ஆட்டம். பெரிய மைதானம், தொலைக்காட்சியில் காட்டுவார்கள். உறைக்குள் இரண்டு விமானச் சீட்டுகள். "வரலன்னு மட்டும் சொல்லாதே. ஒரே ஒருநாள்தான். ஒருநாள் தாங்கும்" என்று எழுதியிருந்தாள். கடைசி வார்த்தையை இரண்டுமுறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தாள். டோமினிக் சீட்டுகளைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தான். ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் நோரீன் தன் பெயர் அச்சடித்த சீட்டைப் பார்த்தாள். கான்செப்டாவின் சீட்டு கண்ணாடி மேசையில் சாய்த்து வைத்திருந்தது, சாகும்வரை.

கிளம்ப வேண்டிய நாள் விடிந்தது. டோமினிக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வாசலில் காரைக் கிளப்பி வைத்துவிட்டு, ஒருமுறை ஹாரன் அடித்தான். "வரேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு நோரீன் புதுக்கோட்டோடு கொல்லைப்பக்கம் போனாள், கொடியிலிருப்பதை எடுத்து உள்ளே போட்டுவிடலாம் என்று. ஊரெங்கும் வேலிகள் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு வயலுக்கு அப்பால் கோட்டை மேட்டு மரங்கள் மட்டும் கறுப்பாக, மொட்டையாக நின்றன.

கடுகு ஜெர்ஸியைக் கொடியிலிருந்து எடுத்தாள். இதை உட்புறம் திருப்பி மாட்டிக்கொண்டால் போதும், யாரும் அவளைப் பிடித்து வைக்க முடியாது, கடலைத் தாண்டிவிடலாம். மதியம் இரண்டு மணிக்குப் பச்சைப் புல்லில் அவள் பெண் ஓடுவாள். எத்தனை நிமிஷம் ஓடுவாள்? நோரீன் கைப்பகுதிக்குள் கையை விட்டாள். பாதி மூன்று உள்ளே போனது, பாதி மூன்று வெளியே நின்றது.

ஹாரன் மறுபடி அடித்தது.

வேலிக்கு அடியிலிருந்த இடைவெளியில் நுழைந்து ஒரு பந்து மெல்ல உருண்டு வந்தது. பனியில் நனைந்த புல் முழுக்க உருண்டு வந்தும் அதன்மேல் ஒரு பொட்டு ஈரம் ஏறவில்லை. அவளுக்கு முன்னால் வந்து வேகம் குறைந்தது. பயணத்துக்கென்று பாலிஷ் போட்ட அவளுடைய கறுப்புக் காலணி, அவளைக் கேட்காமலே, எழும்பிப் பந்தின் மேல் ஏறி அதை நிறுத்தியது.